செய்தியில் வராத துன்பம்

உலகில் நிகழும் துன்பங்கள் எல்லாம் ஒரே விதமாக நம் காதுக்கு வந்து சேர்வதில்லை. பூமி நடுங்கி ஒரு நகரம் இடிந்து விழுந்தால் அன்று மாலையே அச்செய்தி எட்டுத் திசைக்கும் பரவிவிடுகிறது. பெருவெள்ளமோ, பெரும் போரோ மூண்டால் பத்திரிகைகளின் முதற் பக்கம் அதற்கென ஒதுக்கப்படுகிறது. ஆனால், பாதை இல்லாத ஊர்களில், எழுதப் படிக்க அறியாத மக்களிடையே, ஆண்டுதோறும் மழைக்காலம் வருவதுபோலத் தவறாது வந்து போகும் துன்பங்களும் உள்ளன. அவற்றை எவரும் செய்தி என்று கருதுவதில்லை. இவ்வாறு மறக்கப்பட்ட துன்பம் ஒன்றின்மீது ஒரு நாட்டின் தலைவராக இருந்தவர் கண்ணைச் செலுத்தினால் என்ன நிகழும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றிலே ஓர் அரிய சான்று உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

அத்தலைவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 39ஆவது ஜனாதிபதியாக விளங்கிய ஜிம்மி காட்டர். தென்மாநிலமாகிய ஜோர்ஜியாவிலே, பிளெயின்ஸ் என்னும் சிற்றூரிலே, 1924ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி பிறந்தவர். கச்சான் பயிரிடும் கமக்காரர் குடும்பத்தில் வளர்ந்து, கடற்படையிற் பணியாற்றி, பின்னர் தந்தையின் நிலத்துக்கே திரும்பி வந்தவர். 1977ஆம் ஆண்டு தை மாதம் ஜனாதிபதிப் பதவியை ஏற்றார். 1980ஆம் ஆண்டுத் தேர்தலிலே பெருந்தோல்வி கண்டார். அடுத்த ஆண்டு, தம் ஐம்பத்தாறாவது வயதில், கடன்பட்டுக் கிடந்த தம் வியாபாரத்தையும் பழைய வீட்டையும் நோக்கி ஊருக்குத் திரும்பினார். பதவி இழந்த பெரியோர் பலர் நினைவுக் குறிப்புகளை எழுதியும் விருந்துகளிற் பேசியும் காலத்தைக் கழிப்பது வழக்கம். காட்டரும் நூல்கள் எழுதினார். ஆயினும் அத்தோடு அவர் அமைதியடையவில்லை. 1982ஆம் ஆண்டு தம் மனைவி றோசலினுடன் சேர்ந்து அட்லாண்டா நகரிலே, எமொறிப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, காட்டர் நிலையம் என்னும் அமைப்பை நிறுவினார். சமாதான முயற்சியும் நோய் ஒழிப்பும் அந்நிலையத்தின் இரு பெருங் கடமைகள் ஆயின.

அந்நிலையம் கையேற்ற பணிகளுள் முதன்மையான ஒன்று, உலகத்தில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டறியாத ஒரு நோயைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதனைக் கினிப் புழு என்பர். நம் தமிழுக்கு அந்நோய் புதியதன்று. நரம்புச் சிலந்தி என்று நம் முன்னோர் வழங்கியது இதனையே. நோய் நரம்பைப் பற்றியதன்று, சிலந்தியைப் பற்றியதுமன்று. தோலின்கீழ் நரம்புபோல நீண்டு கிடந்து, கட்டியாகப் புடைத்து உடையும் புழு அது. பார்த்தவர் கண்ணுக்குத் தோன்றியவாறே பெயர் இட்டனர்.

அந்நோய் எவ்வாறு வருகிறது என்பதைச் சிறிது விளக்கமாகக் கூறுதல் நன்று. குளத்து நீரிலே கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நீர்த்தெள்ளுகள் வாழ்கின்றன. புழுவின் குஞ்சுகளை அவை விழுங்குகின்றன. அந்த நீரை மனிதன் வடிகட்டாமற் குடித்தால் தெள்ளு வயிற்றில் இறந்துவிடும். உள்ளிருந்த குஞ்சு இறப்பதில்லை. குடலைத் துளைத்துக்கொண்டு உடம்பினுட் புகுந்து, அங்கேயே வளர்கிறது. ஏறத்தாழ ஓராண்டு காலம் எவ்வித அறிகுறியும் இல்லை. அதன்பின் இரண்டடி முதல் மூன்றடி வரை நீண்ட பெண்புழு, பெரும்பாலும் காலிலே, ஒரு கொப்புளத்தை உண்டாக்கி வெளிவரத் தொடங்குகிறது. நெருப்புப் பட்டாற்போன்ற எரிவு. எரிவு தாங்காத மனிதன் அருகிலுள்ள குளத்து நீரிற் காலை நனைக்கிறான். நீர் பட்டதும் புழு இலட்சக்கணக்கான குஞ்சுகளை அந்நீரிலே கக்கிவிடுகிறது. தன் வேதனையைத் தணிக்க இறங்கியவன், தான் அறியாமலே தன் ஊர் முழுவதற்கும் அடுத்த ஆண்டு நோயை விதைத்துவிடுகிறான்.

இந்நோய்க்கு மருந்து இல்லை. தடுப்பூசியும் இல்லை. வெளிவரும் புழுவை ஒரு சிறு குச்சியிற் சுற்றி, நாளுக்குச் சிறிதளவாக, வாரக்கணக்கில் இழுத்தெடுப்பதே வழி. பண்டை எகிப்தியர் காலந்தொட்டு இன்றுவரை மனிதர் செய்து வருவது அதுதான். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து, புண் சீழ்ப்பிடித்து, கால் விறைத்து முடமாவதும் உண்டு.

இந்நோய் ஆளைக் கொல்வது அரிது. அரசாங்கங்கள் இதனைப் பொருட்படுத்தாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உயிரைப் பறிக்காவிட்டாலும் உணவைப் பறிக்கிறது. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலுமே பல இடங்களில் புழு வெளிவருகிறது. வயலில் நிற்க வேண்டிய தந்தை திண்ணையிற் கிடக்கிறான். தாய் நீர் எடுக்க நடக்க முடியாமல் தவிக்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. மாலி நாட்டிலே டோகோன் மக்கள் இதனை வெறுங் களஞ்சியத்தின் நோய் என்று அழைப்பார்களாம். எந்த வைத்திய நூலும் இதனினும் பொருத்தமான பெயரைச் சூட்டிவிட முடியாது.

1980களின் நடுப்பகுதியில் நிலைமை எவ்வாறு இருந்தது? ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் 21 நாடுகளிலே, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 35 இலட்சம் மக்கள் இந்நோயால் வருந்தினர். 1986ஆம் ஆண்டு உலக சுகாதார சபை இதனை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானங்கள் நிறைவேறுவது எளிது. அவற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒருவர் வேண்டும். அந்த ஆண்டிலேயே காட்டர் நிலையம் ஒழிப்பு இயக்கத்தின் தலைமையை ஏற்றுக்கொண்டது. பெரியம்மை ஒழிப்பிலே அனுபவம் பெற்ற வைத்தியர்களான வில்லியம் ஃபோகி, டொனால்ட் ஹொப்கின்ஸ் முதலியோர் இதற்கு வழிகாட்டினர்.

1988ஆம் ஆண்டு காட்டர் தம் மனைவியுடன் கானா நாட்டுக் கிராமம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே கூடியிருந்தோரிடையே ஓர் இளம்பெண், கையிற் குழந்தையை ஏந்தி நிற்பதாக அவருக்குத் தோன்றிற்று. குழந்தையைப் பார்க்கும் ஆவலோடு அருகே சென்றார். அவள் ஏந்தியிருந்தது குழந்தையன்று. புழுவினால் வீங்கிப் புடைத்த தன் மார்பையே அவள் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். இந்நிகழ்ச்சியைக் காட்டர் தம் வாழ்நாள் முழுவதும் பலமுறை நினைவுகூர்ந்து கூறியிருக்கிறார். கணக்கேட்டிலே 35 இலட்சம் என்று படித்தபோது விளங்காதது, ஒரே ஒரு முகத்தைக் கண்டபோது அவருக்கு விளங்கியது.

நேயர்களே, இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இந்நோயைத் தடுக்கத் தேவைப்பட்டவை யாவை? நீரை வடிகட்ட நெருக்கமாக நெய்த ஒரு துண்டுத் துணி. நாடோடிகளாகத் திரியும் மக்களுக்கு, கழுத்திற் கட்டிக்கொண்டு போகத்தக்க ஒரு வடிகுழாய். நீர்த்தெள்ளைக் கொல்லக் குளத்திலே அளவாக இடும் மருந்து. இயன்ற இடங்களில் ஆழ்துளைக் கிணறு. புழு வெளிவரும் நிலையில் உள்ளவர்களைக் குளத்தில் இறங்க விடாமற் பார்த்துக்கொள்ள ஒவ்வோர் ஊரிலும் ஒரு தொண்டர். இவ்வளவே. இவற்றுள் எதுவும் பெரும் விஞ்ஞான அதிசயமன்று. அப்படியானால் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்நோய் நிலைத்திருந்தது ஏன்? குடிப்பவர் ஏழைகள்; அவர்களுடைய ஊர்கள் தலைநகரங்களிலிருந்து தொலைவிலே இருந்தன. அவர்கள் தங்கள் குறையை எடுத்துச் சொல்ல எந்த வாசலும் திறந்திருக்கவில்லை.

வாசல்களைத் திறப்பிப்பதற்குத்தான் காட்டரின் பெயர் பயன்பட்டது. ஒரு சுகாதார அதிகாரி சென்று கேட்டால் அமைச்சரின் காரியதரிசியைக் காண்பதற்கே மாதங்கள் செல்லும். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் வந்து கேட்டாலோ, நாட்டின் தலைவரே எழுந்து வந்து வரவேற்பார். அவ்வரவேற்பை அவர் வீணாக்கவில்லை. உங்கள் நாட்டில் இத்தனை ஊர்களிலே இத்தனை பேர் இந்நோயால் முடங்கிக் கிடக்கின்றனர், இதற்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். திரும்பவும் வந்து கணக்குப் பார்த்தார்.

தம்மைப்போலப் பதவியிலிருந்து இறங்கிய தலைவர்களையும் அவர் துணைக்கு அழைத்தார். அவர்களுள் ஒருவர் மாலி நாட்டின் தளபதி அமடு டுமானி டூரே. 1991இல் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த ஆண்டே தேர்தல் மூலம் வந்தவர்களிடம் அதனை ஒப்படைத்துவிட்டு, இந்நோய் ஒழிப்பில் ஈடுபட்டவர் அவர். மற்றொருவர் நைஜீரியாவின் தளபதி யாக்குபு கோவோன். 1967 முதல் 1970 வரை நடந்த பயாபிராப் போரிலே அரசாங்கத்தின் தலைவராக இருந்தவர். அப்போரில் பட்டினியால் மடிந்த குழந்தைகளின் படங்களை உலகம் இன்றும் மறக்கவில்லை. அதே கோவோன், முதுமைக் காலத்திலே, தம் நாட்டின் பின்தங்கிய கிராமங்களுக்குச் சென்று, மக்களோடு அமர்ந்து, நீரை வடிகட்டிக் குடிக்குமாறு கேட்டுக்கொண்டார். 1980களின் இறுதியிலே ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டிருந்த நைஜீரியா, 2013இல் இந்நோய் ஒழிந்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றைப் பெற்றது. கானா 2015இல் அச்சான்றைப் பெற்றது.

சூடானில் 1995இல் நடந்தது யாவற்றிலும் வியப்பானது. அந்நாட்டின் வடக்கிலிருந்த அரசாங்கத்துக்கும் தெற்கிலிருந்த போராளிகளுக்கும் இடையே 1983 முதல் கடும் போர் நடந்துகொண்டிருந்தது. உலகில் எஞ்சியிருந்த நோயாளிகளிற் பெரும் பங்கினர் அந்தத் தென்பகுதியிலேயே வாழ்ந்தனர். குண்டுகள் விழும் இடத்துக்கு வடிதுணியைக் கொண்டு செல்வது எவ்வாறு? காட்டர் இரு தரப்பினரையும் கண்டு பேசினார். போரின் நியாய அநியாயங்களைப் பற்றி அவர்கள் உடன்படப் போவதில்லை என்பது தெரிந்ததே. ஆனால் ஒரு புழுவை எதிர்ப்பதில் இருவருக்கும் மறுப்பு இருக்க முடியாது. 1995ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் இரு மாதத்துக்கெனப் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது நீடிக்கப்பட்டு, ஏறக்குறைய ஆறு மாதம் நிலைத்தது. கினிப் புழுப் போர்நிறுத்தம் என்றே வரலாறு அதற்குப் பெயரிட்டுள்ளது. அதுவரை எந்தச் சுகாதார ஊழியரும் காலடி வைத்திராத ஊர்களுக்கெல்லாம் வடிதுணிகள் சென்றன. அதே வாய்ப்பைக் கொண்டு குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்துகளும், ஆற்றுக் குருடு என்னும் கண்நோய்க்கு மாத்திரைகளும் வழங்கப்பட்டன.

போர்நிறுத்தம் முடிந்தது, போர் மீண்டும் தொடங்கியது. 2005இல் உடன்படிக்கை ஏற்படும் வரை அது ஓயவில்லை. ஆயினும் அந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதை மக்கள் மறந்துவிடவில்லை. 2006இல் சூடானில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் கணக்கெடுக்கப்பட்டனர். 2011இல் தனிநாடாகிய தென்சூடானிலே, 2017ஆம் ஆண்டு முழுவதும், ஒரு நோயாளிகூடக் காணப்படவில்லை. பின்வந்த ஆண்டுகளிற் சிலர் மீண்டும் காணப்பட்டது உண்மை. எனினும் அவர்கள் எண்ணிக்கை ஒருசிலரே.

இவையெல்லாவற்றையும் கேட்ட பின்னர், ஒரு தனிமனிதரின் புகழைப் பாடுவதே என் நோக்கம் என்று நேயர்கள் கருதிவிடலாகாது. சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு.

1975ஆம் ஆண்டு மார்கழி மாதம் இந்தோனேசியப் படைகள் கிழக்குத் தீமோர் என்னும் சிறு நாட்டினுட் புகுந்தன. 1978, 1979ஆம் ஆண்டுகளிலே அங்கு கொடிய பஞ்சம் நிலவியது. மலைகளில் ஒளிந்திருந்த மக்கள் குண்டுவீச்சினால் விரட்டப்பட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டு, பசியாலும் நோயாலும் இறந்தனர். அவ்விழப்புகளை ஆராய்ந்த ஆணைக்குழு 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில் இறந்தோர் தொகை குறைந்தது ஓர் இலட்சத்துக்கு மேல். அவர்களிற் பெரும்பாலோர் பசிக்கும் நோய்க்கும் இரையானவர்கள். அந்தப் பஞ்ச காலத்திலே அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர் யார்? மனித உரிமைகளைத் தம் கொள்கையின் உயிர்நாடி என்று அறிவித்திருந்த காட்டரே. அவருடைய அரசாங்கம் இந்தோனேசியாவுக்குப் போர்விமானங்களை விற்கவும் இசைந்தது. இந்தோனேசியா பெரிய நாடு, நட்பு நாடு. தீமோரோ உலகப் படத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து செய்தி வெளிவரவில்லை. வந்ததையும் கேட்பார் இல்லை.

அதே 1979ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், தாய்லாந்து எல்லையில் இருந்த கம்போடிய அகதி முகாமுக்கு அவருடைய மனைவி றோசலின் நேரிற் சென்றார். பசியால் எலும்புந் தோலுமாகிய குழந்தைகளை அவர் தூக்கிப் பார்த்த படங்கள் எங்கும் வெளிவந்தன. திரும்பி வந்து கணவரிடம் எடுத்துரைத்தார். உதவி பெருகிற்று. ஒரே ஆண்டு, ஒரே அரசாங்கம், இரண்டு பஞ்சங்கள். ஓரிடத்துக்குக் கண்கள் சென்றன, மற்றோரிடத்துக்குச் செல்லவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் கசப்பானது. உலகிலேயே பெரும் அதிகாரம் கையிலிருந்தபோது காணாதுவிட்ட ஒருவர், அதிகாரம் நீங்கிய பின்னரே மறக்கப்பட்ட மக்களைத் தேடிச் சென்றார். பதவியிலிருப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நட்பு நாடுகளும் வர்த்தகமும் படைகளின் தேவையுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. பதவி நீங்கியவருக்கு அந்தத் தளை இல்லை. ஆனால் மக்கள் தம் தலைவர்களைப் பதவி நீங்கிய பிறகு நல்லவர்களாவதற்காகத் தேர்ந்தெடுப்பதில்லை அல்லவா? அதிகாரம் கையிலுள்ளபோதே தொலைவில் உள்ளோரின் துயரத்தைக் காணும் கண்ணை அவரிடம் எதிர்பார்ப்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

சொந்த நாட்டிலே ஆயிரங் குறைகள் இருக்க அயல்நாட்டுக் குறையைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று கேட்போரும் உளர். அக்கேள்வி நியாயமற்றதன்று. இதற்கு நம் அயல்நாடாகிய இந்தியாவின் அனுபவமே விடை தருகிறது. படியிறங்கி நீர் மொள்ளும் கிணறுகளாலும் குளங்களாலும் அந்நாட்டின் பல மாநிலங்களிலே நரம்புச் சிலந்தி பரவியிருந்தது. இந்திய அரசாங்கம் 1980களின் தொடக்கத்தில் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. படிக்கிணறுகள் கயிற்றால் இறைக்கும் கிணறுகளாக மாற்றப்பட்டன. தமிழகம் இந்நோயிலிருந்து முன்னதாகவே விடுபட்டது. 1996இல் இந்தியாவின் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலகச் சான்று கிடைத்தது. இந்தியா தன் வீட்டைத் தானே துப்புரவு செய்துகொண்டது. ஆனால் அவ்வாறு செய்வதற்கு அறிவுள்ள அதிகாரிகளும், நிலையான அரசாங்கமும், ஓரளவு செல்வமும் அதற்கு இருந்தன. போரிலே சிதைந்து, பாதையும் பள்ளியும் அற்றுப்போன நாட்டுக்கு இவற்றுள் எது உண்டு? தன்னால் இயன்றவன் தானே செய்துகொள்ளட்டும். இயலாதவனுக்குப் பிறர் கைகொடுப்பதே முறை. மேலும், அங்கும் வேலையை முடித்தவர்கள் வெள்ளை மாளிகையில் இருந்தவரோ அட்லாண்டாவில் இருந்தவர்களோ அல்லர். வீடு வீடாகச் சென்று, யார் காலிற் கொப்புளம் தோன்றியது என்று நாள்தோறும் பார்த்து எழுதிய ஊர்த் தொண்டர்களே. தலைவரின் பார்வை அவர்களுக்குத் துணியையும் மதிப்பையும் பெற்றுத் தந்தது. உழைப்பு அவர்களுடையது.

2002ஆம் ஆண்டு காட்டருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2015இல் தமக்குப் புற்றுநோய் கண்டிருப்பதை அவர் வெளிப்படையாக அறிவித்தபோது, தமக்கு முன்பாகக் கடைசிக் கினிப் புழு சாக வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று கூறினார். அவ்விருப்பம் முழுமையாக நிறைவேறவில்லை. நூறு வயதைக் கடந்து, 2024ஆம் ஆண்டு மார்கழி 29ஆந் திகதி அவர் காலமானார். 35 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை 2023இல் உலகம் முழுவதிலும் பதினான்காகக் குறைந்திருந்தது. ஆனால் நாய் முதலிய விலங்குகளிலும் புழு காணப்படுவது 2012 முதல் சாட் நாட்டிலே தெரிய வந்தது. ஆகவே கடைசிச் சில அடிகளே மிகக் கடினமான அடிகளாக இருக்கின்றன.

தொகை சிறுத்துவிட்ட இந்த வேளையில்தான் மறதி மீண்டும் வரக்கூடிய அபாயம் உண்டு. பதினான்கு பேருக்காக இவ்வளவு செலவா என்று கேட்கத் தொடங்கினால், சில ஆண்டுகளில் அந்தப் பதினான்கு பதினாலாயிரமாகும். தெள்ளு அழியவில்லை, குளங்கள் வற்றவில்லை, காலை நனைக்க ஒருவர் இறங்கினாற் போதும்.

நேயர்களே, நாம் நாட்டுத் தலைவர்கள் அல்லோம். போர்நிறுத்தம் செய்விக்கும் வல்லமை நமக்கு இல்லை. ஆனால் எதைச் செய்தி என்று கேட்கிறோம், எதைக் கேளாமல் விடுகிறோம் என்பது நம் கையில் உள்ளது. மக்கள் கேளாததைத் தலைவர்கள் பார்ப்பது அரிது. அடுத்த முறை, நீங்கள் அறியாத ஒரு தூர தேசத்தின் பெயர் வானொலியிலே ஒலிக்கும்போது, உடனே வேறிடத்துக்குத் திருப்பிவிடாமல் ஒரு நிமிடம் செவிகொடுங்கள். கானாவில் அந்த இளம்பெண் வேண்டியதும் அவ்வளவே: யாராவது ஒருவர் அருகே வந்து, அவள் கையில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.